ஒரே ஒரு அணு காந்தமாக இருக்க முடியுமா? அதை எப்படி அளக்கிறார்கள்?

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் இருக்கும் தீர்த்தமலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்கும் அங்கே விழும் தீர்த்தங்களுக்கும்தான் போகிறார்கள். நிலவியலாளர்களுக்கு அந்த மலை வேறு காரணத்துக்காகப் பழக்கம். அங்குள்ள பாறையில் மேக்னடைட் எனும் காந்த இரும்புத் தாது கறுப்புப் பட்டைகளாக ஓடுகிறது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். அதற்கு முன்பு அது சேலம் மாவட்டத்தின் பகுதி. அந்தப் பழைய சேலம் மாவட்டத்தின் காந்த இரும்புப் படுகைகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்த பிரிட்டிஷ் காலத்து ஆவணங்களில், கஞ்சமலை, கொல்லிமலை, கோதுமலை வரிசையில் தீர்த்தமலையும் இருக்கிறது.

அந்தக் கறுப்புக் கல்லை வைத்து ஒரு கேள்வி. அதை இரண்டாக உடைத்தால் இரண்டு துண்டும் காந்தத்தில் ஒட்டும். நான்காக உடைத்தாலும் ஒட்டும். பொடியாக்கினாலும் ஒட்டும். இப்படியே போய், கடைசியில் மிஞ்சும் ஒரே ஒரு அணுவும் காந்தமாக இருக்குமா?

பள்ளிக்கூடக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் இதற்கு நம்பகமான பதில் கிடைத்து இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட முழுசாக ஆகவில்லை. நடுவில் 'கண்டுபிடித்துவிட்டோம்' என்று அறிவிக்கப்பட்ட ஒரு முடிவு தவறு என்று தெரியவந்த கதையும் உண்டு. இந்தத் தேடலின் பாதையில் விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த ஒருவரும், சென்னை ஐஐடியில் படித்த ஒருவரும் இருக்கிறார்கள்.

ஒரு கேள்வி அல்ல, இரண்டு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'காந்தம்' என்ற ஒரே சொல்லில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

முதல் விஷயம், காந்தத்தின் வலிமை. எலக்ட்ரான் ஒவ்வொன்றுக்கும் ஸ்பின் என்ற பண்பு உண்டு. அதனால் ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். பெரும்பாலான அணுக்களில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து, ஒன்றின் காந்தத்தை இன்னொன்று அழித்துவிடும். இரும்பு, கோபால்ட், ஹோல்மியம் போன்ற சில தனிமங்களில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் மிஞ்சும். தனியாக இருக்கும் இரும்பு அணுவில் அப்படி நான்கு எலக்ட்ரான்கள். ஆக, தனி அணுவுக்குக் காந்த வலிமை உண்டு. இதில் சந்தேகமே இல்லை. இயற்பியல் பாடப்புத்தகம் இதைக் காந்தத் திருப்புத்திறன் என்று சொல்லும்.

இரண்டாவது விஷயம், நிலைப்பு. வலிமை இருந்தால் மட்டும் போதாது. வடக்கு எந்தப் பக்கம் என்பதை அது எவ்வளவு நேரம் மாறாமல் வைத்திருக்கும்? ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் வருஷக்கணக்கில் வைத்திருக்கும். மேக்னடைட்டைப் பொடியாக்கிக்கொண்டே போனால், துகள் சுமார் 25–30 நானோமீட்டருக்குக் கீழே இறங்கும்போது அறை வெப்பநிலையில் இந்த நிலைப்பு காணாமல் போகிறது. துகளுக்குள் காந்தம் அப்படியே இருக்கும். ஆனால் வெப்பத்தின் குலுக்கலில் அதன் திசை கணத்துக்குக் கணம் புரண்டுகொண்டே இருக்கும். அந்த 30 நானோமீட்டர் துகளிலேயே பத்து லட்சத்துக்கு மேல் அணுக்கள் இருக்கின்றன. அப்படியிருக்க ஒரே ஒரு அணுவின் கதி?

பல்லாங்குழிப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி. ஒன்றில் ஒரு புளியங்கொட்டை. இடது குழி என்றால் வடக்கு மேலே, வலது குழி என்றால் வடக்கு கீழே. பலகையை லேசாகக் குலுக்கினால் கொட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். பலமாகக் குலுக்கினால் நடுவில் உள்ள மேட்டைத் தாண்டி அடுத்த குழிக்குப் போய்விடும். குலுக்கல்தான் வெப்பம். நடுவில் உள்ள மேட்டின் உயரம்தான் காந்தம் திசையைப் பிடித்து வைத்திருக்கும் பலம். இதை 'காந்தத் திசைச்சார்பு' என்று சொல்லலாம்.

பெரிய காந்தத்தில் கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்து மேட்டை உயர்த்துகின்றன. தனி அணு தன்னந்தனியாக எவ்வளவு உயரமான மேட்டைக் கட்ட முடியும்? அளக்க வேண்டியது அதைத்தான்.

வத்திராயிருப்பிலிருந்து ஒரு தொடக்கம்

திசைச்சார்பை அளப்பதில் நமக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன், சி.வி.ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டறிந்தவர் என்பது பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு, 1930-களில் அவர் செய்த வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிறு படிகங்களின் காந்தப்பண்பு திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று அவர் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் அளந்தார்.

முறை எளிமையானது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னப் படிகத்தைத் தொங்கவிடுவது. பக்கத்தில் காந்தப்புலத்தைச் செலுத்துவது. படிகத்துக்கு ஒரு திசை பிடித்திருந்தால் அந்தப் பக்கமாகத் திரும்பப் பார்க்கும். இழை அதைத் தடுக்கும். எவ்வளவு முறுக்கினால் படிகம் பிடியை விடுகிறது என்று பார்த்தால் திசைச்சார்பு தெரிந்துவிடும். அந்துருண்டை செய்யப் பயன்படும் நாப்தலீன் மாதிரியான படிகங்களை இப்படி அளந்து, உள்ளே மூலக்கூறுகள் எந்தக் கோணத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையே அவர் கணக்கிட்டுச் சொன்னார்.

அவருடைய படிகம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தது. அதில் எண்ணிலடங்காத மூலக்கூறுகள். இன்றைய ஆய்வகங்களில் அதே கேள்வியை ஒற்றை அணுவிடம் கேட்கிறார்கள். ஒற்றை அணுவை இழையில் கட்டித் தொங்கவிட முடியாது. எங்காவது உட்காரவைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

உட்காரும் இடம் ஏன் முக்கியம்?

வெற்றிடத்தில் மிதக்கும் தனி அணுவுக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. ஒரு பரப்பின் மீது உட்கார்ந்த பிறகுதான் 'கீழே', 'மேலே', 'பக்கவாட்டில்' என்ற வேறுபாடு வருகிறது. சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம்தான் பல்லாங்குழியின் குழிகளைத் தோண்டுகிறது. ஆக, தனி அணுவின் திசைச்சார்பு அந்த அணுவின் சொத்து மட்டும் இல்லை. அது உட்காரும் இடமும் பங்குதாரர்.

2003-ல் பியட்ரோ கம்பார்டெல்லா குழுவினர் இதை எண்ணாகவே காட்டினார்கள். பிளாட்டினம் பரப்பின் மீது கோபால்ட் அணுக்களை ஒன்றையொன்று தொடாத அளவுக்கு மிக அரிதாகத் தூவி, எக்ஸ் கதிரால் அளந்தார்கள். ஒரு அணுவுக்கு சுமார் 9 மில்லி எலக்ட்ரான் வோல்ட் திசைச்சார்பு கிடைத்தது. சாதாரண கோபால்ட் கட்டியில் ஒரு அணுவின் பங்கு 0.05-ஐவிடக் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட 200 மடங்கு வித்தியாசம்! கூட்டத்தில் இருக்கும்போது அடங்கிக் கிடந்த பண்பு, தனியாக விட்டதும் வெளியே வந்துவிட்டது.

ஆனால் அதே பரப்பு எதிரியாகவும் மாறும். உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் கடல் மாதிரி அலைந்துகொண்டிருக்கும். அவை மேலே உட்கார்ந்த அணுவை ஓயாமல் இடிக்கும், புரட்டும். உட்கார இடம் கொடுத்த அதே பரப்பு பலகையைக் குலுக்கவும் செய்கிறது.

வழி 1: எக்ஸ் கதிர்

கம்பார்டெல்லா குழு பயன்படுத்திய முறை இது. எக்ஸ் கதிரை வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் முறுக்கி அனுப்பலாம். காந்தமாக இருக்கும் அணு இந்த இரண்டையும் ஒரே அளவில் விழுங்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து அணுவின் காந்த வலிமையைக் கணக்கிடலாம். அந்த வலிமையில் எலக்ட்ரானின் ஸ்பின் தருவது எவ்வளவு, அது உட்கருவைச் சுற்றுவதால் வருவது எவ்வளவு என்றுகூடத் தனித்தனியாகப் பிரிக்கலாம். இதற்குச் சிங்க்ரோட்ரான் எனும் பெரிய வளைய இயந்திரம் வேண்டும். இந்தியாவில் இந்தோரில் உள்ள இண்டஸ்-2 அந்த வகை இயந்திரம்தான்.

ஒரு குறை உண்டு. எக்ஸ் கதிர்க் கற்றை ஒரே சமயத்தில் பல கோடி தனி அணுக்கள் மீது விழுகிறது. கிடைப்பது சராசரி. 'இதோ இந்த அணு' என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது.

வழி 2: ஊசி

1981-ல் ஐபிஎம் நிறுவனத்தின் சூரிச் ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் ஆகிய இருவரும் எஸ்டிஎம் எனும் கருவியை உருவாக்கினார்கள். 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முனையில் ஒரே அணு நிற்கும் அளவுக்குக் கூரான உலோக ஊசியைப் பரப்பைத் தொட்டும் தொடாமலும் கொண்டுபோவார்கள். நடுவில் இடைவெளி இருந்தாலும் குவாண்டம் விதிப்படி எலக்ட்ரான்கள் தாவும். அந்த மின்னோட்டத்தை அளப்பார்கள். ஊசி வெறும் 0.1 நானோமீட்டர் விலகினாலே மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு அணுவும் தனித்தனி மேடாகத் தெரிகிறது. அதே ஊசியால் அணுக்களை நகர்த்தவும் முடியும். 35 செனான் அணுக்களை அடுக்கி 'ஐபிஎம்' என்று எழுதிய படம் 1990-ல் வெளிவந்து பிரபலமானது நினைவிருக்கலாம்.

இடம் தெரிந்துவிட்டது. காந்தம் தெரிவது எப்போது?

1998: தங்கத்தின் மேல் ஒரு கோபால்ட் அணு

இங்கேதான் சென்னை வருகிறது. ஐஐடி மெட்ராஸில் உலோகவியல் படித்த வித்யா மாதவன், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் குரோமி குழுவில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவரை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வுக் கட்டுரை 1998 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. தங்கப் பரப்பில் தனித்தனியாக உட்கார்ந்திருந்த கோபால்ட் அணுக்களை மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் குளிரவைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசியை நிறுத்தி அளந்தார்கள்.

அவர்கள் தேடியது 'கோண்டோ விளைவு'. தங்கம் போன்ற உலோகத்தைக் குளிரவைத்தால் மின்தடை குறைந்துகொண்டே போக வேண்டும். ஆனால் சில மாதிரிகளில் ஒரு கட்டத்துக்குக் கீழே மின்தடை திரும்ப ஏறுவதை 1930-களிலேயே பார்த்திருந்தார்கள். காரணம், உள்ளே கலந்திருக்கும் காந்த அணுக்கள் என்று 1964-ல் ஜப்பானிய இயற்பியலாளர் ஜுன் கோண்டோ விளக்கினார். காந்த அணுவைச் சுற்றி உலோகத்தின் எலக்ட்ரான்கள் மொய்த்துக்கொண்டு, அதன் காந்தத்தை வெளியே தெரியாமல் மறைக்கப் பார்க்கும். தெருவில் யாராவது பிரபலம் வந்தால் கூட்டம் சூழ்ந்து ஆளே தெரியாமல் போகுமே, அந்த மாதிரி.

கூட்டத்தைப் பார்த்தே உள்ளே பிரபலம் இருப்பதைச் சொல்லலாம் இல்லையா? வித்யா மாதவன் குழு செய்தது அதுதான். கோபால்ட் அணுவின் மேல் ஊசியை வைத்து மின்னழுத்தத்தை மெல்ல மாற்றியபோது, மின்னோட்டத்தில் ஒரு சிறு பள்ளம் தெரிந்தது. ஊசியை ஒரு நானோமீட்டர் அளவு பக்கவாட்டில் நகர்த்தினாலே பள்ளம் ஏறக்குறைய மறைந்தது. ஆக, அது அந்த ஒற்றை அணுவின் சுவடு. அதே ஆண்டில் இன்னொரு குழு வெள்ளியின் மேல் இருந்த சீரியம் அணுவிலும் இப்படிப்பட்ட சுவட்டைப் பதிவுசெய்தது.

ஒற்றை அணுவின் காந்தத்தன்மையை அதன் மேல் ஊசியை நிறுத்திப் பார்க்க முடியும் என்பது அப்போது உறுதியானது. வித்யா மாதவன் இப்போது அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மீக்கடத்திகளை எஸ்டிஎம் கொண்டு ஆராய்ந்துவருகிறார்.

2004: ஸ்பின்னைத் தட்டிப் பார்ப்பது

கோண்டோ சுவடு 'காந்தம் இருக்கிறது' என்று சொல்லும். எவ்வளவு, எந்தத் திசை என்று நேரடியாகச் சொல்லாது. அடுத்த படியை 2004-ல் கலிஃபோர்னியாவின் ஐபிஎம் ஆல்மடன் ஆய்வகத்தில் ஆண்ட்ரியாஸ் ஹைன்ரிக் குழு ஏறியது.

உலோகத்தின் இடியிலிருந்து அணுவைக் காப்பாற்ற, நடுவில் மிக மெல்லிய அலுமினியம் ஆக்சைடு படலத்தைப் போட்டார்கள். சுடு பாத்திரத்தைப் பிடிக்கத் துணியை மடித்து வைப்பது மாதிரிதான். அதன்மேல் ஒரு மாங்கனீசு அணு. காந்தப்புலத்தில் அணுவின் ஸ்பின்னைப் புரட்ட ஒரு குறிப்பிட்ட ஆற்றல் வேண்டும். ஊசியிலிருந்து தாவும் எலக்ட்ரானிடம் அந்த அளவு ஆற்றல் இல்லையென்றால் புரட்ட முடியாது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும்போது, சரியான அளவைத் தொட்டதும் மின்னோட்டத்துக்கு ஒரு புதிய பாதை திறந்து வரைபடத்தில் ஒரு படி தெரியும். 7 டெஸ்லா காந்தப்புலத்தில் அந்தப் படி சுமார் 0.8 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் வரும்.

அறை வெப்பநிலையில் வெப்பக் குலுக்கலின் ஆற்றலே சுமார் 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். திருவிழாக் கூட்டத்தில் கிசுகிசு கேட்பது போலாகிவிடும். அதனால்தான் கருவியை முழுப் பூஜ்ஜியத்துக்கு ஒரு டிகிரிக்கும் குறைவான தூரம் வரை குளிர்விக்கிறார்கள். இந்தத் துறையில் எந்தச் செய்தியைப் படித்தாலும் ஹீலியமும் வெற்றிட அறையும் கூடவே வருவதற்கு இதுதான் காரணம்.

2014-ல் அதே ஐபிஎம் ஆய்வகம் சம்பந்தப்பட்ட குழு, மெக்னீசியம் ஆக்சைடு மேல் வைத்த கோபால்ட் அணுவில் சுமார் 58 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டை அளந்தது. கோபால்ட், இரும்பு வகை அணு ஒன்றால் இயற்பியல் ரீதியாக எட்டக்கூடிய உச்சத்தை இது தொட்டுவிட்டது.

அறை வெப்பக் குலுக்கலைவிட 58 பெரிசுதானே, பிறகென்ன என்று தோன்றும். போதாது. பலகையைக் குலுக்கும்போது எல்லாக் குலுக்கலும் ஒரே அளவில் இருக்காது. எப்போதாவது ஒரு பெரிய குலுக்கல் வரும். ஒரு தகவல் பத்து ஆண்டு அழியாமல் நிற்க வேண்டுமென்றால், மேடு சராசரிக் குலுக்கலைவிட 40 மடங்குக்கு மேல் உயரமாக வேண்டும். அறை வெப்பநிலையில் கணக்குப் போட்டால் அது 1,000 மில்லி எலக்ட்ரான் வோல்ட். 58 எங்கே, 1,000 எங்கே?

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. குவாண்டம் உலகில் புளியங்கொட்டை மேட்டை ஏறித் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. மேட்டுக்குள் புகுந்தே அடுத்த குழிக்குப் போய்விடலாம்.

ஹோல்மியம்: அறிவிப்பும் மறுப்பும்

இந்த இடத்தில்தான் ஹோல்மியம் எனும் அருமண் தனிமம் நுழைகிறது. அதன் காந்த வலிமை மிக அதிகம். காந்தத்தைத் தரும் எலக்ட்ரான்கள் அணுவின் உட்பக்கமாக ஒளிந்திருப்பதால் வெளியிலிருந்து வரும் தொந்தரவும் குறைவு.

2013-ல் 'நேச்சர்' இதழில் ஒரு பெரிய செய்தி வந்தது. பிளாட்டினம் உலோகத்தின் மேல் நேரடியாக உட்கார்ந்த ஹோல்மியம் அணு, நிமிடக் கணக்கில் தன் காந்தத் திசையை வைத்திருக்கிறது என்று ஜெர்மனி ஆய்வாளர்களை உள்ளடக்கிய குழு அறிவித்தது. பரப்பு அணுக்களின் ஒழுங்கான அமைப்பு, அந்த மேட்டுக்குள் புகுந்து போகும் வழியை அடைத்துவிடுகிறது என்பது விளக்கம். ஊசியில் தெரிந்த மின்னோட்டம் இரண்டு மட்டங்களுக்கு இடையே தாவியதுதான் ஆதாரம்.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 2014-ல் எக்ஸ் கதிரால் அளந்த குழு, அந்த விளக்கத்துக்குத் தேவைப்பட்ட அணு நிலை அங்கே இல்லை, வேறொன்றுதான் இருக்கிறது என்று காட்டியது. 2016-ல் இன்னொரு குழு ஊசியை வைத்தே திரும்ப அளந்தது. பிளாட்டினம் மேலிருந்த ஹோல்மியத்தில் ஸ்பின்னின் அடையாளம் எதுவும் தென்படவில்லை என்று சொன்னது.

யாரும் பொய் சொல்லவில்லை. மின்னோட்டம் தாவியது உண்மைதான். ஆனால் மின்னோட்டம் தாவுவதற்கு ஸ்பின் புரள்வது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஊசி அணுவைத் தொடாவிட்டாலும், அதன் எலக்ட்ரான்கள் அணுவை முட்டிக்கொண்டேதான் இருக்கின்றன. பார்க்கிற கருவியே பார்க்கப்படும் பொருளைத் தொந்தரவு செய்கிறது. ஒரே கருவி, ஒரே சைகை என்று நம்பினால் எவ்வளவு நல்ல ஆய்வகமும் சறுக்கலாம்.

அதே 2016-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர இபிஎஃப்எல் குழு ஹோல்மியத்தை வேறு இடத்தில் உட்காரவைத்தது. கீழே வெள்ளி, நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு படலம், மேலே ஹோல்மியம். எக்ஸ் கதிரால் அளந்தபோது, 10 கெல்வின் வெப்பநிலையில், அதாவது மைனஸ் 263 டிகிரியில், காந்தத் திசை சுமார் 1,500 நொடிகள் நின்றது. தனி அணு காந்தத் திசையை நினைவில் வைத்திருக்கும் என்பது அப்போதுதான் உறுதியாக நிரூபணமானது. அணு அதேதான், மாறியது அது உட்கார்ந்த இடம்.

2017: தொடாமல் அளந்த பக்கத்து வீட்டுக்காரர்

ஐபிஎம் ஆல்மடன் ஆய்வகம் 2015-ல் ஒரு புதிய வித்தையைக் கொண்டுவந்திருந்தது. ஊசி வழியாக 20–30 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட மின்புலத்தைச் செலுத்தினால், சரியான அதிர்வெண்ணில் இரும்பு அணுவின் ஸ்பின் அதற்கு ஒத்திசைந்து புரளும். மருத்துவமனை எம்ஆர்ஐ ஸ்கேனின் அடிப்படைதான், ஒற்றை அணு அளவில். இந்தியாவில் 2022-ல் 5ஜி-க்காக ஏலம் விட்ட அலைக்கற்றைகளில் 26 கிகாஹெர்ட்ஸும் ஒன்று. கிட்டத்தட்ட அதே அலைவரிசைதான் இது. இந்த முறையின் நுட்பம் அபாரம்: இரண்டு இரும்பு அணுக்களுக்கு இடையே பத்து நானோ எலக்ட்ரான் வோல்ட் கணக்கில் இருக்கும் வித்தியாசத்தையும் காட்டிவிடும்.

இதை வைத்து 2017-ல் ஃபேபியன் நட்டரர் உள்ளிட்ட குழு ஹோல்மியம் கேள்விக்கு அழகான விடை தந்தது. மெக்னீசியம் ஆக்சைடு மேல் ஹோல்மியம் அணுவை வைத்தார்கள். பக்கத்தில், தொடாத தூரத்தில், ஒரு இரும்பு அணு. ஊசியால் ஒரு மின்துடிப்பைக் கொடுத்து ஹோல்மியத்தைப் புரட்டினார்கள். பிறகு ஊசியை ஹோல்மியத்தை விட்டு விலக்கி, இரும்பு அணுவின் மேல் கொண்டுபோனார்கள். ஹோல்மியம் உண்மையிலேயே காந்தமாகப் புரண்டிருந்தால் அதன் காந்தப்புலம் பக்கத்து இரும்பின் ஒத்திசைவு அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும்.

நகர்த்தியது. பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று கதவைத் தட்டாமலே தெரிந்துகொண்ட மாதிரி! அதிர்வெண் எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து ஹோல்மியத்தின் காந்த வலிமையையும் கணக்கிட்டார்கள்: சுமார் 10 போர் மேக்னட்டான். சாதாரண இரும்புக் கட்டியில் ஒரு அணுவின் பங்கு சுமார் 2.2 போர் மேக்னட்டான்தான்.

இரண்டு ஹோல்மியம் அணுக்களை வைத்தபோது 00, 01, 10, 11 என நான்கு நிலைகளையும் எழுதி, படிக்க முடிந்தது. எழுதியது பல மணி நேரம் அழியாமல் நின்றது. அடுத்த ஆண்டே 35 கெல்வின் வரை திசை நிலையாக நிற்பதையும், 45 கெல்வினில்தான் தானாகப் புரளத் தொடங்குவதையும் காட்டினார்கள்.

ஆக, தொடக்கக் கேள்விக்குப் பதில்: ஆம், ஒரே ஒரு அணு காந்தமாக இருக்க முடியும். சரியான அணு, சரியான இருக்கை, கடுங்குளிர் மூன்றும் சேர்ந்தால்.

சரி, இதனால் நமக்கு என்ன?

2017-ல் ஐபிஎம் சொன்ன கணக்குப்படி, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிட் தகவலைச் சேமிக்க சுமார் ஒரு லட்சம் அணுக்கள் தேவைப்பட்டன. அதை ஒரே அணுவால் செய்தால், 3.5 கோடி பாடல்களை கிரெடிட் கார்டு அளவுப் பொருளில் அடக்கலாம் என்று அந்த நிறுவனம் சொன்னது. அது தலைப்புச் செய்தியாகப் பரவியது. அந்தத் தலைப்புகளில் விட்டுப்போனது, அந்த கிரெடிட் கார்டைச் சுற்றி இருக்க வேண்டிய வெற்றிட அறையும் ஹீலியம் குளிர்விப்பானும். 45 கெல்வின் என்றால் மைனஸ் 228 டிகிரி. நம் அறை வெப்பநிலை 300 கெல்வின்.

உங்கள் போனில் இது வரப்போவதில்லை. போனில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் தகவலைக் காந்தமாக வைப்பதே இல்லை, மின்னூட்டமாகத்தான் வைக்கிறது. காந்தச் சேமிப்பு இன்றும் உயிரோடு இருப்பது டேட்டா சென்டர்களின் ஹார்ட் டிஸ்க்குகளில். அங்கேயும் நாளைக்கே ஒற்றை அணு டிஸ்க் வராது. ஆனால் காந்தப் பொருளை எவ்வளவு சுருக்கலாம், எந்த இடத்தில் நிலைப்பு போகிறது, எதை மாற்றினால் அது திரும்ப வருகிறது என்ற விதிகள் இந்த அளவீடுகளிலிருந்துதான் கிடைக்கின்றன.

உடனடிப் பயன் வேறு இரண்டு திசைகளில் இருக்கிறது. ஒன்று, உணர்கருவி. ஒற்றை இரும்பு அணுவே காந்தமானியாக வேலை செய்வதால், பக்கத்து அணுவின் காந்தத்தையும், அதன் உட்கருவின் காந்தத்தையும்கூட அளந்திருக்கிறார்கள். 2019-ல் ஒற்றை அணுவை எம்ஆர்ஐ படமாகவே எடுத்தார்கள். இரண்டு, குவாண்டம் கணினி ஆராய்ச்சி. ஹைன்ரிக் இப்போது தலைமை வகிக்கும் தென் கொரியாவின் சியோல் ஆய்வு மையம், 2023-ல் டைட்டானியம் அணுக்களின் ஸ்பின்களைக் கொண்டு, ஒரே பரப்பின் மேல் பல க்யூபிட்களை இயக்கிக் காட்டியது.

அடுத்த முறை செய்தி வந்தால்

'உலகின் மிகச் சிறிய காந்தம்', 'ஒரே அணுவில் மெமரி' என்று இனியும் தலைப்புகள் வரும். படிக்கும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

என்ன வெப்பநிலை? கெல்வினில் சொல்லியிருந்தால் 273-ஐக் கழித்து செல்சியஸாக்கிப் பாருங்கள். தலைப்பில் இல்லாத விஷயம் அங்கே தெரியும்.

அணு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? பிளாட்டினம் மேல் மறைந்துபோன அதே ஹோல்மியம், மெக்னீசியம் ஆக்சைடு மேல் மணிக்கணக்கில் நின்றது.

வேறு முறையில் யார் சரிபார்த்தார்கள்? ஊசி சொன்னதை எக்ஸ் கதிரோ பக்கத்து அணுவோ உறுதிசெய்யும் வரை, அது ஒரு நல்ல ஆரம்பம் மட்டுமே.

2018-க்கான எண்கள் 35 கெல்வினும் 45 கெல்வினும். திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான 77 கெல்வினை ஒற்றை அணுக் காந்தம் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தால், அது நிஜமாகவே பெரிய செய்தி. திரவ நைட்ரஜன் திரவ ஹீலியத்தைவிட மிக மலிவு. கல்லூரி ஆய்வகங்களுக்கும் கட்டுப்படியாகும் பொருள்.